வேலியில் போன ஓணானும் 15,000 ஹெக்டர் வாக்குறுதியும்

எங்கள் கள ஆய்வுத் தாளின் கடைசிக் கட்டம் கட்டைவிரல் அகலம்தான் இருக்கும். ஒரு பிராணியைத் தேடிப் போய்க் கண்ணில் படவில்லை என்றால் அதில் இரண்டு ஆங்கில எழுத்துகளைக் கிறுக்குவோம். ‘பதிவாகவில்லை’ என்று பொருள். தாள் அலுவலகத்துக்குப் போய் அட்டவணையாகும், அட்டவணை அறிக்கையாகும், அறிக்கைக்கு நாலு பக்கச் சுருக்கம் ஒன்று எழுதுவார்கள். அந்தச் சுருக்கத்துக்கு வந்து சேரும்போது ‘பதிவாகவில்லை’ எப்படியோ ‘இல்லை’ ஆகியிருக்கும். யாரும் பொய் சொல்வதில்லை. இடம் போதாமல் சொல் சுருங்கிவிடுகிறது, அவ்வளவுதான்.

ஒன்பது வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன். சிங்கப்பூரில் ஒரு காலி நிலத்தில் வீடோ சாலையோ வருவதற்கு முன்னால் அங்கே என்ன முளைக்கிறது, என்ன ஊர்கிறது, என்ன பறக்கிறது என்று கணக்கெடுக்கும் கூட்டத்தில் நானும் ஒருவன். நான் எழுதிய ஒரு ‘இல்லை’ இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது. அந்த உறுத்தலோடுதான், அழிந்துவிட்டது என்று நினைத்த ஓர் ஓணான் ஆஸ்திரேலியாவில் திரும்பக் கிடைத்த விவகாரத்தைத் தேடித் தேடிப் படித்தேன். என் கதை பிறகு வரும். முதலில் ஓணான்.

காதும் இல்லை, கழுத்தும் இல்லை

ஆங்கிலத்தில் இதற்கு டிராகன் என்று பெயர். கேட்டால் கொமோடோ அளவுக்கு ஏதோ வரப்போகிறது என்று தோன்றும். உண்மையில் நம் ஓணான் குடும்பம்தான். வால் நுனிவரை அளந்தால் ஏறக்குறைய 15 செ.மீ., அதில் பாதிக்கு மேல் வால். எடை நம் சிங்கப்பூர் ஒரு வெள்ளி (டாலர்) நாணயத்தைப் போல. காய்ந்த புல்லின் நிறம், முதுகில் நீளவாக்கில் வெளிர்க்கோடுகள், குறுக்கே கரும்பட்டைகள். வெளிக்காது கிடையாது, செவிப்பறை தோலுக்கடியில் மறைந்திருக்கிறது. டிம்பனோகிரிப்டிஸ் என்ற பேரினப் பெயருக்கே ‘மறைந்த செவிப்பறை’ என்றுதான் பொருள். விக்டோரியா மாநிலத்து இனத்துக்கு 1948இல் வைத்த பெயர் பிங்குயிகோல்லா. கொழுத்த கழுத்து என்று அர்த்தம். பெயர் வைத்தவர்களுக்கு இதன்மேல் பெரிய பிரியம் இருந்ததாகத் தெரியவில்லை.

இதற்குப் புல் வேண்டும். ஆனால் ரொம்ப உயரமாகவும் இருக்கக் கூடாது, ஒட்ட மேய்ந்து மொட்டையாகவும் இருக்கக் கூடாது. புல் கற்றைகளுக்கு நடுவே கொஞ்சம் வெறும் மண் தெரிய வேண்டும், ஓடிப் பூச்சி பிடிப்பதற்கு. குடியிருப்பது பெரும்பாலும் இரவல் வீட்டில்: ஓநாய்ச் சிலந்தி போன்றவை தோண்டிய வளைகளுக்குள் புகுந்துகொள்ளும், இல்லாவிட்டால் மண் வெடிப்பிலோ கல்லுக்கடியிலோ ஒதுங்கும். கான்பெரா பக்கத்து உறவினத்தை ஆராய்ந்தவர்கள் இன்னொன்றும் சொல்கிறார்கள். ஓர் ஈட்டுக்கு 3 முதல் 7 முட்டை. பெரும்பாலானவை ஒரே ஓர் இனப்பெருக்கக் காலத்தைத்தான் பார்க்கும், அதோடு சரி. கையிருப்பில்லாத அன்றாடங்காய்ச்சிப் பிழைப்பு. ஒரு வருஷம் மழை பொய்த்துக் குஞ்சு தவறினால் அடுத்த வருஷத்துக்கு ஆளில்லை.

நம்மிடம் ஓணானுக்கு மரியாதை கிடையாது. ராமருக்குத் தாகம் எடுத்தபோது அணில் இளநீர் கொண்டுவந்ததாம், ஓணான் வேறு எதையோ கொண்டுவந்ததாம். அந்தக் கதையைச் சாக்காக வைத்துக் கல்லெறிந்த தலைமுறை இன்னும் தேக்காவில் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருக்கிறது. போதாததற்கு, சிங்கப்பூரில் இன்று புதருக்குப் புதர் தலையாட்டும் ஓணான் 1980களில் வந்து குடியேறியது. இங்கேயே இருந்த பச்சை ஓணானைக் காட்டுப்பக்கம் தள்ளிவிட்டது. எங்கள் புளோக் கீழ்த்தளத்தில் மாதம் ஒருமுறை கூடிப் பேசுவோம். அங்கே இந்த விஷயத்தை எடுத்தபோது ஒரு பெரியவர் சிரித்துவிட்டார். “வேலியில போற ஓணானை எடுத்து வேட்டியில விட்டுக்கிறியே தம்பி” என்றார். மெல்பர்ன் நில வணிகர்களும் கிட்டத்தட்ட அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

கல்லும் புல்லும்

மெல்பர்னுக்கு மேற்கே விரிவது எரிமலைக் குழம்பு ஆறிய சமவெளி. மரம் அபூர்வம். கருங்கல் உருண்டைகளும் கங்காரு புல்லும்தான். வாதவுருங் முதலான பழங்குடி மக்கள் பல்லாயிரம் ஆண்டுகள் அளவாகத் தீ வைத்து, கிழங்கு எடுத்துப் பேணிய வெளி அது. 1835க்குப் பிறகு ஆடுகள் வந்தன. பின்பு ஏர், உரம், வெளிநாட்டுப் புல். கல்லைப் பொறுக்கி எடுத்து வேலிச்சுவர் வைத்தார்கள். பிற்காலத்தில் இயந்திரத்தை விட்டு நிலத்திலேயே நொறுக்கினார்கள். ஓணானுக்குக் கூரை போய்விட்டது. ஐரோப்பியர் வந்தபோது இருந்த அந்த இயற்கைப் புல்வெளியில் இன்று மிச்சம் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு.

என் பெரியப்பா மகள் டார்னீட்டில் வீடு வாங்கியிருக்கிறார். மெல்பர்னின் மேற்கு ஓரம். அந்தப் பக்கத்தில் தமிழ், தெலுங்கு, பஞ்சாபி மூன்றும் கேட்காத தெரு குறைவு. சில வருஷத்துக்கு முன்னால் போயிருந்தபோது பின்வேலிக்கு அந்தப்பக்கம் பார்த்தேன். முழங்கால் உயரப் புல், காற்றுக்கு ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தது. நடுவில் குவித்துவைத்த கருங்கற்கள். தூரத்தில் ஒரு விளம்பரப் பலகை: சிரிக்கும் குடும்பம், மனை விலை, ஒரு தொலைபேசி எண். “அங்க என்னக்கா இருக்கு?” என்று கேட்டேன். “ஒண்ணும் இல்லடா, வெறும் கல்லும் புல்லும். அதனாலதான் வெல கம்மியா கெடச்சுது” என்றார்.

அக்காவைக் குறை சொல்வதற்கில்லை. நம் ஊர் வருவாய்க் கணக்கிலும் வரி கட்டாத நிலத்துக்குப் புறம்போக்கு என்றுதானே பெயர்? அந்தச் சொல் வசைச்சொல்லாகவே ஆகிவிட்டது. காட்டை வெட்டினால் மரம் விழும் சத்தமாவது கேட்கும். புல்வெளி போகும்போது சத்தமே வராது.

ஐம்பத்து நான்கு வருஷத்து ‘இல்லை’

விக்டோரியா இனத்தை உறுதியாகப் பார்த்த கடைசிப் பதிவு 1969. அதற்குப் பிறகு தேடியவர்கள் உண்டு, வெறுங்கையோடு திரும்பினார்கள். ஆனால் அப்போது பெரிய பதற்றம் எழவில்லை. காரணம், கான்பெராவில் இருப்பதும் விக்டோரியாவில் இருந்ததும் ஒரே இனம் என்றுதான் நினைத்திருந்தார்கள். கான்பெராவிலும் முப்பது வருஷத்துக்கு மேல் காணாமல் போய் 1991இல் மறுபடி அகப்பட்டது. ஆகவே, ‘இங்கே போனாலும் அங்கே இருக்கிறது’ என்ற ஆறுதல்.

அந்த ஆறுதல் 2019இல் உடைந்தது. விக்டோரியா அரும்பொருளகத்தின் ஜேன் மெல்வில் தலைமையிலான குழு மரபணுவையும் உடலமைப்பையும் ஒப்பிட்டு, ஒன்று என்று நினைத்தது உண்மையில் நான்கு என்று காட்டியது: கான்பெரா ஒன்று, மொனாரோ ஒன்று, பாதர்ஸ்ட் ஒன்று, விக்டோரியா ஒன்று. ஒரே கட்டுரையில் ஒரு பிராணிக்குத் தனிப்பெயரும் கிடைத்தது, அநேகமாக அது செத்துவிட்டது என்ற செய்தியும் வந்தது. உண்மையென்றால் ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் அழிந்ததாகப் பதிவாகும் முதல் ஊர்வன இதுவாகத்தான் இருந்திருக்கும்.

2023 ஜூன் மாதம் அறிவிப்பு வந்தது. மெல்பர்னுக்கு மேற்கே தனியார் நிலம் ஒன்றில், சூழலியலாளர்கள் வழக்கமான கணக்கெடுப்புக்குப் போன இடத்தில், அது உயிரோடு இருந்தது. சரியான இடத்தை அப்போது வெளியிடவில்லை. திருட்டுத்தனமாகப் பிடித்து விற்கிறவர்களும் உண்டு, ஆர்வக்கோளாறில் கல்லைப் புரட்டிப் பார்க்கிறவர்களும் உண்டு. இரண்டு கூட்டத்துக்கும் பயந்துதான். மத்திய அரசு 1,88,000 ஆஸ்திரேலிய வெள்ளி ஒதுக்கியது, மிச்சமிருக்கும் வாழிடத்தைக் கண்டறியவும் மோப்ப நாய்களைப் பழக்கவும். மெல்பர்ன் விலங்கியல் தோட்டத்தில் இனப்பெருக்கத் திட்டம் தொடங்கியது.

இந்தத் தேடல் எப்படி நடக்கிறது என்பதுதான் என் தொழிலுக்கு நெருக்கமான பகுதி, கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். இந்த ஓணான் வழக்கமான பொறிகளில் எளிதில் அகப்படாது. அசையாமல் கிடந்தால் பக்கத்தில் நின்றாலும் தெரியாது. கான்பெராவில் ஒரு தந்திரம் கண்டுபிடித்தார்கள். சிலந்தி வளை அகலத்துக்குக் குழாய்த் துண்டுகளை மண்ணில் செங்குத்தாகச் செருகி, மேலே வெயில் படாமல் சின்னக் கூரை போட்டுவிடுவார்கள். வரிசை வரிசையாக. ஓணான் அதைச் சிலந்தி வீடென்று நம்பிக் குடிபோய்விடும். கோடை இறுதியில் வாரக்கணக்கில் நடந்து நடந்து ஒவ்வொரு குழாயாக எட்டிப் பார்க்க வேண்டும். உருவி எடுக்கிற மாதிரி உள்ளே இன்னொரு குழாய் இருக்கும். நூற்றுக்கணக்கான குழாய்களில் பெரும்பாலானவை காலி. ஒன்றில் இரண்டு கண் தெரியும். குனிந்து நிமிர்ந்து இடுப்பு விட்டுப்போகிற வேலை, சந்தேகமே இல்லை.

நாய்க்கு அந்தத் தொல்லை இல்லை. கண்ணுக்குத் தெரியாததை மூக்கால் பிடிக்கும். ஆனால் நாய் ஓணானைத் தொடக் கூடாது, வாசம் வந்த இடத்தில் அசையாமல் படுத்துக் காட்ட வேண்டும். அதற்குப் பழக்கவே பல மாதம் ஆகும்.

சரி, இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒரு பிராணி ஓரிடத்தில் நிச்சயம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான் ஒருமுறை போனால் அதைப் பார்க்கும் வாய்ப்பு ஐந்தில் ஒன்று. இரண்டு முறை போய்விட்டு வந்து ‘பதிவாகவில்லை’ என்று எழுதினால், நான் தவறவிட்டிருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 64. அந்த வாய்ப்பை நூற்றுக்கு ஐந்துக்குக் கீழே கொண்டுவர 14 முறை போக வேண்டும். எந்தத் திட்ட அட்டவணையிலும் 14 முறைக்கு இடம் இருக்காது. இரண்டு முறைக்கே “எப்ப முடியும்?” என்று கேட்பார்கள்.

வீடு முதலில், புல் பிறகு

ஓணான் காணாமல் போயிருந்த அந்த இடைவெளியில்தான் பெரிய பேரம் நடந்தது. இந்த நிகழ்வின் முதுகெலும்பே அதுதான்.

மெல்பர்ன் மக்கள்தொகை ஏறிக்கொண்டே போக, 2010இல் நகர வளர்ச்சி எல்லையை வெளியே தள்ளினார்கள். ஒவ்வொரு மனைக்கும் தனித்தனியாகச் சுற்றுச்சூழல் ஒப்புதல் கேட்டால் ஆயுசு போய்விடும். ஆகவே முழுப் பகுதிக்கும் மொத்தமாக ஒரே மதிப்பீடு, மொத்தமாக ஒரே ஒப்புதல். எல்லைக்குள் உள்ள புல்வெளியில் வீடு கட்டலாம். அதற்கு ஈடாக எல்லைக்கு வெளியே, மேற்கில், 15,000 ஹெக்டர் புல்வெளியை அரசு வாங்கிக் காப்பகமாக்கும். சிங்கப்பூரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. 2020க்குள் முடிப்பதாக வாக்குறுதி.

காகிதத்தில் பார்த்தால் நல்ல யோசனை என்றே நானும் சொல்வேன். ஐம்பது துண்டு துக்கடாப் புல்வெளிகளைச் சாலைகளுக்கு நடுவே வேலி போட்டுக் காப்பாற்றுவதைவிட, ஒரே பெரிய வெளி எவ்வளவோ மேல். சூழலியல் படித்த யாரைக் கேட்டாலும் பெரிசாகவும் சேர்ந்தாற்போலவும் இருக்கட்டும் என்பார்கள். கோளாறு யோசனையில் இல்லை. வரிசையில் இருந்தது.

பணம் வந்த வழியைப் பாருங்கள். காப்பகத்துக்கு நிலம் வாங்கும் காசு, மனை போடுகிறவர்கள் கட்டும் ஈட்டுக் கட்டணத்திலிருந்து வர வேண்டும். அவர்கள் மனை பிரிக்கும்போதுதான் கட்டுவார்கள். மனை மெதுவாக விற்றால் காசும் மெதுவாக வரும். ஆனால் நிலத்தின் விலை நிற்குமா? பக்கத்தில் நகரம் வளர வளர ஏறிக்கொண்டே போகும். கட்டணமோ விலைக்கு ஏற்ற வேகத்தில் ஏறவில்லை. நம் வீட்டுச் சீட்டுக் கணக்கில்கூட இப்படிச் செய்ய மாட்டோம்: இன்றைக்கு நகையைக் கொடுத்துவிட்டு, தங்கம் விலை ஏறிய பிறகு, பழைய விலைக்கு வசூலித்த காசை வைத்துக்கொண்டு திரும்ப வாங்கப் போவது.

2020இல் விக்டோரியாவின் தலைமைக் கணக்காய்வாளர் கணக்குப் பார்த்தார். பத்து வருஷத்தில் வாங்கியது 15,000 ஹெக்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அதே ஆண்டு ஜூலையிலிருந்து கட்டணத்துக்குப் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

இதைவிட மோசம், வாங்காமல் கிடந்த ஒன்பது பங்குக்கு நேர்ந்தது. அந்த நிலங்களை என்றாவது அரசு எடுத்துக்கொள்ளும் என்று பதிவேட்டில் குறித்தாகிவிட்டது. உரிமையாளர் நிலையில் நின்று யோசித்துப் பாருங்கள். எப்போது எடுப்பார்கள் என்று தெரியாது, வேறு யாருக்கும் நல்ல விலைக்கு விற்க முடியாது. யார் களை பிடுங்கப் போகிறார்கள்? தென் அமெரிக்காவிலிருந்து வந்த முரட்டுப் புல் ஒன்று அந்தச் சமவெளியில் பிரசித்தம். ஆடு தின்னாது, காற்றில் விதை பறக்கும், கற்றை கற்றையாக இடைவெளி இல்லாமல் மூடிவிடும். ஓணானுக்கு வேண்டிய வெறும் மண் முதலில் போகும். இயற்கைப் புல்வெளி நிலையானது மாதிரி தோன்றினாலும் தீயோ மேய்ச்சலோ இல்லாமல் சில வருஷம் விட்டால் தானாகவே திணறிப் போகிற ஒன்று. காப்பகம் என்று கோடு போட்ட இடத்தில் காக்க வேண்டியது காத்திருப்பிலேயே கெட்டது. இந்தப் பக்கம் வீடுகள் மட்டும் குறித்த நேரத்தில் எழும்பின.

ஓணான் மறுபடி கிடைத்தது இந்தக் குளறுபடிக்கு நடுவில்தான். ஆஸ்திரேலியாவின் 1999ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு வினோதம்: ஒரு திட்டம் ஒப்புதல் நடைமுறைக்குள் போன பிறகு ஓர் இனத்தைப் புதிதாகப் பட்டியலில் சேர்த்தாலும், அந்தத் திட்டத்தை அது தொடாது. முதலீடு செய்கிறவருக்கு உறுதி வேண்டுமே என்று வைத்த விதி. நியாயம் இருக்கிறது. ஆனால் அன்றைக்குச் சரியாகத் தேடாமல் எழுதிய ‘இல்லை’யும் அந்த உறுதிக்குள் சேர்ந்தே பூட்டப்பட்டுவிடுகிறது. முற்றிலும் புதிய தகவல் வந்தால் ஒப்புதலை மாற்ற அமைச்சருக்கு அதிகாரம் உண்டு, ஆனால் அது கதவை உடைத்துத் திறக்கிற மாதிரி.

கான்பெராவில் அந்த மாதிரி ஒன்று நடந்தது. விமான நிலையத்துக்கு வடக்கே ஒரு சாலைக்கு 2009இல் ஒப்புதல். 2023இல் வேலை தொடங்கும் நேரம், அது அங்குள்ள ஓணானின் வாழிடத்தைப் பிளக்கிறது என்று எதிர்ப்பு கிளம்பியது. அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் தான்யா பிளிபெர்செக் கேட்டுக்கொண்ட பிறகு வேலையை நிறுத்திவைத்தார்கள். அந்தப் பதினான்கு வருஷத்துக்குள் நீண்ட வறட்சி வந்து கான்பெரா ஓணான் எண்ணிக்கை சரிந்திருந்தது, இனப் பெயரே மாறியிருந்தது. ஒப்புதல் தாள் மட்டும் 2009இலேயே நின்றுகொண்டிருந்தது.

யாரும் கேட்கலையே அண்ணே

இப்போது என் கதை.

சிங்கப்பூரின் மேற்கில் ஒரு துண்டு நிலம். எந்த இடம், யாருடைய திட்டம் என்பதை விட்டுவிடுகிறேன். மரம் கொஞ்சம், மற்றபடி ஆள் உயரத்துக்கு லாலான் புல். டிசம்பர் மழைக்காலம். ஊர்வனவற்றுக்கு எனக்குக் கொடுத்தது இரண்டு காலை, ஓர் இரவு. முதல் காலை தூறல். இரண்டாம் காலை கொட்டியது. குளிர்ந்த மழையில் எந்த அரணை வெயில் காய வெளியே வரும்? இரவு விளக்கு வைத்துக்கொண்டு நடந்தோம், லாலான் விளிம்பு கையில் கீறிய எரிச்சல்தான் மிச்சம். ஒரு பல்லி, இரண்டு தேரை. தாளில் எட்டுப் பெயர்களுக்கு எதிரே அந்த இரண்டு எழுத்துகளைக் கிறுக்கினேன். அறிக்கைச் சுருக்கத்தில் அது ஒரே வரியானது: இவ்விடத்தில் ஊர்வன குறைவு.

மூன்று மாதம் கழித்து எல்லைக் கம்பு நடுவதற்குத் துணையாகப் போயிருந்தேன். புல்வெட்டும் தம்பிகள் நாலைந்து பேர் மர நிழலில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் புதுக்கோட்டைப் பக்கம். சும்மா பேச்சுக் கொடுத்தேன், இங்கே பாம்பு கீம்பு உண்டா என்று.

“பாம்பா? அந்தக் கால்வாய் ஓரம் போய்ப் பாருங்கண்ணே. மெஷின் சத்தம் கேட்டா நாலு ஓடும். அரணை எண்ண முடியாது. ஒரு தினுசு இருக்கு, செவப்பு வாலு, அது அந்தப் பழைய காங்க்ரீட்டுக்கு அடியிலதான் இருக்கும்.”

“எத்தன நாளா பாக்குறீங்க?”

“மூணு வருஷமா இங்கதான வெட்டுறேன்.”

“யார்கிட்டயாச்சும் சொன்னீங்களா?”

“யாரும் கேட்கலையே அண்ணே.”

அந்தச் சிவப்பு வால் அரணை எதுவென்று இன்றும் எனக்குத் தெரியாது. நான் திரும்பப் போவதற்குள் அந்தக் காங்க்ரீட் பலகையை அள்ளிவிட்டார்கள். சாதாரண இனமாக இருக்கலாம். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் மூன்று வருஷம் அந்த நிலத்தில் தினமும் நின்ற ஆளை விட்டுவிட்டு, மழையில் இரண்டு காலை நடந்த என் தாளை நம்பி ஒரு வரி அச்சானது. அந்தத் தாளில் மழை பெய்ததை எழுத ஒரு கட்டம்கூட இல்லை.

எங்கள் புளோக் கூட்டத்தில் இதையும் சொன்னேன். ஓணானை வேட்டியில் விட்ட பெரியவர் இந்தமுறை சிரிக்கவில்லை. அவர் இளமையில் சிங்கப்பூரின் வடக்கே கிராஞ்சிப் பக்கம் கம்பத்தில் (கிராமத்தில்) இருந்தவர். “அந்தக் காலத்துல லாலான் காட்டுல தூக்கணாங்குருவிக் கூடு தொங்கும், ஆள்காட்டி கத்தும். எல்லாத்தையும் தரிசுன்னுதான் சொல்லுவாங்க” என்றார். பிறகு சட்டென்று, “கிராஞ்சில தப்பா வெட்டிட்டாங்களே, அது என்ன ஆச்சு?” என்று கேட்டார்.

நல்ல கேள்வி. 2021 தொடக்கத்தில் வெளியே வந்த விவகாரம். கிராஞ்சியில் சுற்றுச்சூழல் ஆய்வு முடிவதற்கு முன்பே சுமார் 4.5 ஹெக்டர் மரக்காடு தவறுதலாக அழிக்கப்பட்டிருந்தது. மேலிருந்து எடுத்த படம் பரவிய பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. ஆய்வு ஒரு கை, இயந்திரம் ஒரு கை, இரண்டும் பேசிக்கொள்ளவில்லை. அங்கே என்ன இருந்தது என்ற கேள்விக்கு இனிப் பதில் எழுத முடியாது. ‘இல்லை’ என்றுகூட எழுத முடியாது.

நம் ஊரில் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கென்று தனிச்சட்டம் கிடையாது. திட்டமிடல் அனுமதியோடு சேர்ந்து நடப்பது. 2020இல் நடைமுறையைக் கொஞ்சம் இறுக்கினார்கள். சட்டம் இல்லாததால் எல்லாம் மோசம் என்று நான் சொல்லவில்லை. மெல்பர்னில் சட்டம், ஒப்பந்தம், கட்டணம், கணக்காய்வு நாலும் இருந்தும் புல் போனது. இங்கே நல்லதும் நடந்திருக்கிறது. சுங்கை பூலோவைப் பறவை ஆர்வலர்கள் 1986இல் கண்டெடுத்தார்கள், 1989இல் பூங்காவுக்கென்று ஒதுக்கினார்கள். 2001இல் செக் ஜாவாவை மண் கொட்டி நிரப்பப் போகிற தறுவாயில் திட்டத்தைத் தள்ளிவைத்தார்கள். தெங்காவில் 700 ஹெக்டரில் 42,000 வீடுகளுக்கு நடுவே 100 மீட்டர் அகலத்தில் காட்டு வழி ஒன்றை விட்டிருக்கிறது வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம். அது போதுமா என்று கேட்டால் எங்கள் தொழிலில் ஆளுக்கொரு பதில். என்னைக் கேட்டால், பெரும்பாலான உயிர்களுக்கு ஒடுக்கம்தான். ஆனால் ஒரு விஷயத்தில் மெல்பர்ன் பேரத்தைவிட எனக்கு இது பிடிக்கும். அந்தக் காட்டு வழிக்கான நிலம் வேறெங்கோ பிறகு வாங்கப்போவது கிடையாது, திட்ட வரைபடத்துக்குள்ளேயே இருக்கிறது. வீட்டைப் பார்க்கப் போகிறவர் அதையும் பார்த்துவிட்டு வரலாம்.

குறை வேறிடத்தில். நம் அக்கறை மரத்தில் நின்றுவிடுகிறது. ஈடு என்றதும் மரக்கன்று நடுகிறோம், எண்ணிக்கை சொல்கிறோம். லாலான் வெளியை இழந்ததற்கு ஈடாக யாராவது லாலான் வெளியை விட்டுவைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. மரம் நட்டால் தூக்கணாங்குருவிக்குக் கூடு கட்டப் புல் கிடைக்குமா? புல்வெளி நமக்கு இன்னும் ‘அடுத்து ஏதோ வரப்போகிற இடம்’. டார்னீட் அக்காவின் ‘வெறும் கல்லும் புல்லும்’ இங்கே வேறு உச்சரிப்பில் ஓடிக்கொண்டிருக்கிறது.

செலங்கூர் சேற்றுப் பாம்பு என்று ஒன்று உண்டு. சிங்கப்பூரில் 106 வருஷம் யார் கண்ணிலும் படாமல் இருந்துவிட்டு, திரும்பக் கண்டதாக 2020இல் செய்தி வந்தது. இத்தனைக்கும் உலகத்திலேயே ஆராய்ச்சியாளர் நெரிசல் அதிகமுள்ள தீவுகளில் ஒன்று இது. இரண்டு காலை நடையில் நான் எட்டுப் பெயரை அடித்தேன்.

அதற்குப் பிறகு என் தாளில் நானாகவே மூன்று கட்டம் சேர்த்துக்கொண்டேன்: எத்தனை மணி நேரம், என்ன வானிலை, அங்கே தினமும் வேலை செய்கிற யாரைக் கேட்டேன். மேலாளர் முதலில் முகம் சுளித்தார். மூன்றாவது கட்டத்தை அறிக்கையில் எப்படிப் போடுவது, அதற்கு அறிவியல் மதிப்பு என்ன என்று கேட்டார். மதிப்பு இல்லை, எங்கே போய்த் தேடுவது என்பதற்கு மட்டும் பயன்படும் என்றேன். இப்போது சுருக்கத்தில் ‘குறைவு’ என்று எழுதுகிற இடத்தில் ‘மழையில், 6 மணி நேரத் தேடலில் பதிவாகவில்லை’ என்று வருகிறது. ஒரு வரி இரண்டு வரியாகிறது. வடிவமைப்பாளருக்கு எரிச்சல்.

போன வாரம் டார்னீட் அக்கா ஒரு படம் அனுப்பினார். பின்கட்டில் செடிக்கு இடம் பண்ணக் கல்லைப் புரட்டியிருக்கிறார், அடியில் ஒன்று படுத்திருந்ததாம். “இதுதானடா நீ சொன்னது?” என்று கேட்டிருந்தார். தடித்த உடம்பு, குட்டைக் கால், திறந்த வாயில் நீல நாக்கு. மெல்பர்ன் தோட்டங்களில் சர்வசாதாரணமான நீலநாக்கு அரணை. அது இல்லக்கா என்று எழுதினேன். பின்வேலிக்கு அந்தப்பக்கம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். தெரு வந்துவிட்டதாம், விளக்குக் கம்பமும் நட்டாயிற்றாம்.

கல்லை இருந்த இடத்திலேயே வைத்தீர்களா என்று கேட்டேன். வைத்துவிட்டாராம். ஆனால் தலைகீழாக.